காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வரா? தேனி முதல் கம்பம் வரை ஓர் இரும்புக் கதை!

கல்யாண சீசனில் தேனி பாத்திரக்கடைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மகளுக்குச் சீர்வரிசைப் பாத்திரம் வாங்க வந்த அம்மா, அண்டா, தூக்குச்சட்டி, தாம்பாளம் எல்லாம் எடுத்து வைத்த பிறகு, கைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுப்பார். வீட்டில் கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றியதாக இருக்கும். அதைத் தட்டில் வைப்பார். டக்கென்று ஒட்டும்.

"என்னாண்ணே, இதுல ஒட்டுது? அப்ப இது எவர்சில்வர் இல்லையா? வெறும் இரும்பைக் குடுத்து ஏமாத்தப் பாக்குறீங்களா?"

"அய்யோ அக்கா, நல்ல கம்பெனிச் சரக்கு. பில்லு போட்டே தர்றேன்" என்பார் கடைக்காரர். ஏன் ஒட்டுகிறது என்று கேட்டால் அவருக்கும் பதில் தெரியாது. கடைசியில், காந்தம் ஒட்டாத தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு திருப்தியாகக் கிளம்புவார் அந்த அம்மா.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் காந்தச் சோதனையை நம்பித்தான் பலரும் பாத்திரம் வாங்குகிறார்கள். ஆனால், ஒட்டிய தட்டு ஒழுங்கான எவர்சில்வராகவும், ஒட்டாத தட்டு விலை குறைந்த ரகமாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. எப்படி? அதைப் புரிந்துகொள்ள, தேனியில் கிளம்பிக் கம்பம் வரை போய், தேவாரம், போடி வழியாகத் திரும்பி வந்தால் போதும். இந்தப் பள்ளத்தாக்கிலேயே இரும்பின் அத்தனை முகங்களும் இருக்கின்றன.

சிட்டிகை கரி செய்யும் மாயம்

நாம் 'இரும்பு' என்று சொல்லும் எதுவும் சுத்தமான இரும்பு அல்ல. சுத்தமான இரும்பு மிகவும் மென்மையானது. அதில் அருவாள் அடித்தால் வாழைத்தாரை வெட்டும் முன்பே வாய் மடங்கிவிடும். அதற்கு உறுதியைக் கொடுப்பது, அதோடு கலந்திருக்கும் கார்பன். அதாவது, நம் அடுப்புக் கரியில் இருக்கும் அதே பொருள்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். 100 கிலோ இரும்பில் 100 முதல் 250 கிராம் வரை கார்பன் இருந்தால், அது கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஆகும் சாதாரண ஸ்டீல். வளைக்கலாம், வெல்டிங் வைக்கலாம். 500 முதல் 700 கிராம் என்றால் அருவாளுக்கு ஆகும். ஒன்றரைக் கிலோ அளவில் சேர்ந்தால் பழங்காலப் போர்வாள். இரண்டு கிலோவைத் தாண்டி மூன்று, நான்கு என்று போனால் அது வார்ப்பிரும்பு. குழம்புக்கு உப்பு போடுவது போலத்தான். சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் பண்டமே வேறாகிவிடும்.

தோசைக்கல் ஏன் உடைகிறது?

முதலில் சமையலறைக்கே போவோம். வார்ப்பிரும்புத் தோசைக்கல் கைதவறி விழுந்து இரண்டாக உடைந்த அனுபவம் சில வீடுகளில் இருக்கும். 'இரும்பு போய் உடையுமா?' என்று ஆச்சர்யப்பட்டிருப்பீர்கள். உடையும். அதற்குக் காரணம் அதிலுள்ள அதிகப்படியான கார்பன்.

சுத்தமான இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதில் 4.3 சதவிகிதம் கார்பன் சேர்ந்தால் 1,150 டிகிரி அளவிலேயே உருகிவிடும். தண்ணீர் போல ஓடும் அந்தக் குழம்பை அச்சில் ஊற்றினால் தோசைக்கல், பணியாரக்கல், எடைக்கல் என்று எது வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆனால் ஆறும்போது, இரும்புக்குள் கரைய முடியாத கார்பன் தனியாகப் பிரிந்து, மெல்லிய செதில்களாக உள்ளே தங்கிவிடுகிறது. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்தான் அது. அந்தச் செதில்கள் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஒரு சின்ன விரிசல் மாதிரி. ஓங்கி அடித்தாலோ, காய்ந்து கொதிக்கும் கல்லில் பச்சைத்தண்ணீரை ஊற்றினாலோ, அந்த வழியாகவே பிளந்துவிடும். அதே சமயம், கனமான கல் சூட்டை நெடுநேரம் பிடித்துவைத்துக்கொள்வதால் தோசை முறுகலாக வரும்.

தகட்டை அடித்துச் செய்யும் இரும்புச்சட்டி வேறு ரகம். அதில் கார்பன் குறைவு. கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. இரண்டிலும் புளி, தக்காளி சேர்த்துச் சமைத்தால் கொஞ்சம் இரும்புச்சத்து உணவில் இறங்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை இருப்பதாகச் சொல்கிறது, 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு. அந்த வகையில் பாட்டியின் இரும்புச்சட்டி நல்ல துணை. ஆனால், டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. சமைத்து முடித்ததும் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிறமும் ருசியும் மாறிவிடும்.

அருவாளுக்குள் ஒரு லாரி

சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் வாழையும் தென்னையும் நெல்லும் விளைகிற ஊர்களில் அருவாள் இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். தமிழகத்தின் பல கொல்லர் பட்டறைகளில் அந்த அருவாளுக்கான இரும்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து.

இது ஏதோ பழைய இரும்பு மலிவு என்பதால் செய்வது மட்டுமல்ல. பாரம் ஏற்றும்போது வளைந்து, இறக்கியதும் நிமிர வேண்டும் என்பதற்காக, அந்தப் பட்டையை அரை சதவிகிதத்துக்கும் அதிகமான கார்பனோடு, சிலிக்கான், மாங்கனீசு, குரோமியம் போன்றவற்றில் சிலவற்றையும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். நல்ல கத்திக்கு வேண்டிய குணமும் ஏறக்குறைய அதுதான். எந்தப் புத்தகமும் படிக்காமல் அனுபவத்தில் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் நம் கொல்லர்கள்.

உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வடிவம் வந்ததும், வாய்ப்பகுதியைத் தண்ணீரில் முக்குவார்கள். 'சுர்ர்ர்' என்ற சத்தம் அடங்குவதற்குள் உள்ளே பெரிய மாற்றம் நடந்துவிடும். சூட்டில் இரும்புக்குள் கரைந்திருந்த கார்பன், வெளியேற நேரமில்லாமல் அப்படியே சிறைப்பட்டுப்போகிறது. அதனால் இரும்பு மிகக் கடினமாகிறது. கூடவே கண்ணாடி போல நொறுங்கும் குணமும் வந்துவிடும். அதனால் மறுபடி மிதமாகச் சூடுகாட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய வாயில் வைக்கோல் நிறம் படர்ந்தால் சுமார் 220, 230 டிகிரி. நீலம் ஓடினால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். நீலம் வரை போனால் கூர் நிற்காது. தெர்மாமீட்டர் இல்லாமல், நிறத்தை வைத்தே அதைக் கணிக்கிற கண் வேண்டும். தேனியின் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையின் போக்கிலேயே போனால் வரும் திருப்பாச்சேத்தி, இந்த வித்தையால்தான் அருவாளுக்குப் பேர்போனது.

இந்த வித்தைக்கு வயது அதிகம். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் இருக்கும் புலிமான்கோம்பையில், 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழி எழுத்து வெட்டப்பட்ட நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஆநிரைப் பூசலில் இறந்த வீரனின் நினைவைச் சொல்லும் கல்லும் அவற்றில் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லில் எழுத்து வெட்ட, நல்ல உளி அடித்துக்கொடுக்கத் தெரிந்த கை இங்கே இருந்திருக்க வேண்டும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில், இரும்பைக் கார்பனோடு சேர்த்து உருக்கிய மண் மூசைகளே கிடைத்திருக்கின்றன. 'உருக்கு' என்ற தென்னிந்தியச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆனது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வூட்ஸின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க லண்டனில் மெனக்கெட்டார்.

வீட்டுக் கம்பியில் கவனிக்க வேண்டிய ஓர் எழுத்து

அருவாளில் நடக்கும் அதே 'சுர்ர்ர்'தான் நீங்கள் வீடு கட்ட வாங்கும் டிஎம்டி கம்பியிலும் நடக்கிறது. சிவக்கச் சிவக்க வெளியே வரும் கம்பி மீது தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். வெளித்தோல் கடினமாகிவிடும். உள்ளே இருக்கும் சூடு மெதுவாக வெளியே வந்து, அந்தத் தோலைப் பதப்படுத்தும். வெளியே உறுதி, உள்ளே இளக்கம்.

கம்பியில் 'எஃப்இ 500' என்றும், 'எஃப்இ 500டி' என்றும் பொறித்திருப்பார்கள். கடைசியில் வரும் அந்த 'டி' முக்கியம். இந்தியத் தர நிர்ணயப்படி, சாதாரண 500 ரகத்தில் கார்பன் 0.30 சதவிகிதம் வரை இருக்கலாம். 'டி' ரகத்தில் 0.25-ஐத் தாண்டக் கூடாது. கந்தகமும் பாஸ்பரஸும்கூட 'டி' ரகத்தில் தலா 0.040 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். சாதாரண ரகத்துக்கு அந்த எல்லை 0.055. வித்தியாசம் கடுகளவுதான். ஆனால், பாஸ்பரஸ் கூடினால் இரும்பு முறியும் குணம் பெறும். கந்தகம் கூடினால் பழுக்கக் காய்ச்சி உருட்டும்போதே விரிசல் விடும். அறுந்துபோகும் முன் சாதாரண ரகம் குறைந்தபட்சம் 12 சதவிகிதம் நீள வேண்டும் என்றால், 'டி' ரகம் 16 சதவிகிதம் நீள வேண்டும். நிலம் அதிரும்போது, பட்டென்று முறியும் கம்பியைவிட நீண்டு கொடுக்கும் கம்பிதான் உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட அவகாசம் கொடுக்கும்.

பழைய இரும்பை உருக்கி, எந்தச் சோதனையும் இல்லாமல் உருட்டிய கம்பி கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். அதில் எந்தச் சிட்டிகை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். எடையையும் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் சுமார் 888 கிராம் இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் என்றால் சுமார் 617 கிராம். 8 மில்லிமீட்டருக்குச் சுமார் 395 கிராம். இதில் சில சதவிகிதம் முன்பின் இருக்கலாம். ரொம்பவே குறைந்தால் கேள்வி கேளுங்கள்.

திராட்சையைத் தாங்கும் துத்தநாகம்

கம்பத்தை நெருங்கினால் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கல்தூண்களுக்கு மேல் பின்னிய கம்பி வலையில்தான் தொங்குகிறது. பந்தல் போட ஆகும் செலவை நினைத்தால், கம்பி துருப்பிடித்து அறுந்தால் விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம் என்பது புரியும்.

வளைத்து முடிச்சுப் போட வேண்டும் என்பதால் இந்தக் கம்பியில் பொதுவாகக் கார்பன் குறைவு. துருவைத் தடுக்க, சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். இதைத்தான் ஜிஐ கம்பி என்கிறோம். துத்தநாகம் வெறும் பெயின்ட் அல்ல. எங்காவது கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். ஆனால் பூச்சு தீர்ந்துவிட்டால் பாதுகாப்பும் முடிந்தது. பூச்சின் தடிமன் குறைந்த கம்பி விரைவில் துருப்பிடிப்பது அதனால்தான்.

50,000 டன் காந்தம்

கம்பத்திலிருந்து தேவாரம் வழியாகப் போடிக்குத் திரும்பும்போது, மேற்கு மலையடிவாரத்தில் பொட்டிப்புரம் கிராமம் வரும். நியூட்ரினோ ஆய்வகம் என்ற பெயரில் அடிக்கடி செய்தியில் அடிபட்ட ஊர் இதுதான். அந்தத் திட்டத்தின் மையப்பொருள் என்ன தெரியுமா? இரும்பு. மலைக்குள் குகை வெட்டி, 5.6 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுகளை 151 அடுக்காக நிறுத்தி, மொத்தத்தையும் ஒரே காந்தமாக மாற்ற வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் திட்டம். எடை சுமார் 50,000 டன். பாரிஸ் ஈஃபிள் கோபுரத்தின் இரும்பு சுமார் 7,300 டன். கிட்டத்தட்ட ஏழு ஈஃபிள் கோபுரம்!

இங்கே தேவைப்படுவது அருவாள் இரும்புக்கு நேர் எதிரானது. கார்பன் எவ்வளவு குறைவோ, அவ்வளவு சுலபமாக இரும்பு காந்தமாகும். அதனால் மிகக் குறைந்த கார்பன் கொண்ட மென்மையான இரும்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நியூட்ரினோ மோதும்போது பிறக்கும் துகள், அந்தக் காந்தத்துக்குள் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து, அது எந்த வகை நியூட்ரினோவால் வந்தது என்று கண்டுபிடிக்கலாம். இதன் 85 டன் மாதிரி மதுரையில் இயங்கியிருக்கிறது.

மலை, நீர், காட்டுயிர் பற்றிய கவலையோடு கிராம மக்களும் சூழலியல் அமைப்புகளும் பல ஆண்டுகளாக இந்தத் திட்டத்தை எதிர்த்து வந்திருக்கிறார்கள். தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து பத்தாண்டுகள் கடந்தும் அந்த இரும்பு மலைக்குள் போகவில்லை.

காந்தம் ஒட்டாத தண்டவாளம்

அடுத்து போடி. மதுரை - போடி ரயில் பாதைக்கும் இரும்புக்குமான உறவு ஒரு தனிக்கதை. 1928-ல் வந்த பாதை இது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். 2010 இறுதியில் அகலப்பாதைக்காக ரயில் நின்றது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்தது.

இப்போது பரவலாகப் போடப்படும் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ எடை கொண்டது. கார்பன் 0.60 முதல் 0.80 சதவிகிதம். அருவாள் குடும்பம்தான். ஆனால், ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கிடும் இடத்தில் சக்கரம் ஒவ்வொரு முறையும் 'தடக் தடக்' என்று இடிக்கும். அந்த இடத்துக்கென்று வேறு இரும்பு இருக்கிறது. 1882-ல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீசு ஸ்டீல். 11 முதல் 14 சதவிகிதம் வரை மாங்கனீசு. அடி வாங்க வாங்க இன்னும் கடினமாகும்.

அதைவிட ஆச்சர்யம், அதில் சுமார் 85 சதவிகிதம் இரும்பு இருந்தும் காந்தம் ஒட்டாது! (சோதித்துப் பார்க்கிறேன் என்று தண்டவாளத்தில் இறங்கிவிடாதீர்கள்.) காரணம், இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். சாதாரண இரும்பின் அணு அடுக்கில் காந்தம் ஒட்டும். மாங்கனீசோ நிக்கலோ போதுமான அளவு சேர்ந்தால், அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்கில் ஒட்டாது.

பாத்திரக்கடையில் கிடைக்கும் பதில்

இப்போது தேனி பாத்திரக்கடைக்குத் திரும்பலாம். இரும்பை எவர்சில்வர் ஆக்குவது நிக்கல் அல்ல, குரோமியம். குறைந்தபட்சம் 10.5 சதவிகிதம் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகி, துருவைத் தடுக்கும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானாகவே மூடிக்கொள்ளும். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தைத் தடுக்க வழி தேடியபோது, ஹாரி பிரியர்லி சுமார் 12.8 சதவிகிதம் குரோமியம் சேர்த்து உருவாக்கிய ஸ்டீல், கடைசியில் நம் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

கடைகளில் அதிகம் புழங்கும் ரகங்கள் மூன்று:

* 304: சுமார் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் அல்லது சற்று அதிகமாக நிக்கல். உப்பு, புளியை நன்றாகத் தாங்கும். விலை அதிகம். காந்தம் பொதுவாக ஒட்டாது.
* 202 மற்றும் அதன் தம்பிகள்: விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து, மலிவான மாங்கனீசைச் சேர்த்தது. 202-ல் நிக்கல் 4 முதல் 6 சதவிகிதம்தான். சில ரகங்களில் அதுவும் குறைவு. 304 அளவுக்கு உப்பைத் தாங்காது. இதிலும் காந்தம் ஒட்டாது.
* 430: 16 முதல் 18 சதவிகிதம் குரோமியம் உண்டு. நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. காந்தம் நன்றாக ஒட்டும். ஆனாலும் இது முறையான எவர்சில்வர்தான்.

ஆக, காந்தம் 304-ஐயும் 202-ஐயும் பிரித்துக் காட்டாது. இரண்டிலும் ஒட்டாது. ஒட்டுகிற 430-ஐப் போலி என்று ஒதுக்குவதும் தவறு. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரத்தின் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் சூடேறாது. கடையில் காந்தத்துக்கு உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

வாங்கும்போது கவனிக்க...

* "ஒட்டுமா, ஒட்டாதா?" என்று கேட்பதற்குப் பதில், "எந்த கிரேடு?" என்று கேளுங்கள். சொன்னதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.
* எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி, 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.
* உப்பு, ஊறுகாய் வைக்க ஜாடியே நல்லது. உப்பிலுள்ள குளோரைடு, எவர்சில்வரின் படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்துவிடும்.
* காய் நறுக்கும் எவர்சில்வர் கத்தியில் காந்தம் ஒட்டினால் சந்தோஷப்படுங்கள். கூர் நிற்பதற்காகக் கார்பன் சேர்த்த ரகம் அது.
* தண்ணீர்க்குடம், சாப்பாட்டுத் தட்டுக்கு எல்லாம் 304 வேண்டும் என்பதில்லை. புளிக்குழம்பு கொதிக்கும் பாத்திரத்துக்கு அதிகப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்தமுறை சீர்வரிசை வாங்கப் போகும்போது, காந்தத்தை இண்டக்‌ஷன் பாத்திரத்துக்கு மட்டும் எடுங்கள். மற்றவற்றுக்கு, "அண்ணே, இது 304-ஆ, 202-ஆ? பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். பிறகு அவரே சரியான தட்டை எடுத்துக் கொடுப்பார்.